பின்யானை வீடு

யானையின் பின்பாதி வந்து நின்ற காலையில் சொள்ளமுத்து முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். தை மாதத்து மூடுபனி தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி, பள்ளத்தெருவின் தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தது; அந்தப் பனிக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் அகன்ற வயிறு ஒன்று வந்தது, வயிற்றைத் தாங்கிக்கொண்டு இரண்டு கால்கள் வந்தன, கால்களுக்குப் பின்னால் ஒரு வால் வந்தது, அதோடு முடிந்தது. தலை, காது, தும்பிக்கை, முன்னங்கால் எதுவும் வரவில்லை. அவையெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விளிம்புதான் இருந்தது. தபால்தலையைக் கிழித்தால் ஓரம் எப்படி இருக்குமோ அப்படி, மேலிருந்து கீழ்வரை பல் பல்லாக இருந்தது. ரத்தம் இல்லை. உள்ளே தாள்போல வெள்ளையாக இருந்தது. தொட்டுப் பார்த்தபோது கதகதப்பாக இருந்தது, விரலில் லேசாகப் பசை ஒட்டியது.

சொள்ளமுத்து வாயிலிருந்த பற்பொடியைத் துப்பினார். அவருக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, ஆத்திரம்.

“வேலம்மா, இங்க வா. அந்தப் பய தலப்பக்கத்த எடுத்துக்கிட்டான் பாத்தியா?”

அவர் மனைவி வேலம்மா அடுப்பூதும் குழலோடு வெளியே வந்தாள். சுற்றிப் பார்க்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை, பாதி யானைதானே.

“நேத்து நீங்க ரெண்டு பேரும் கிழிச்ச கிழிக்கு இதுவாவது வந்துச்சே,” என்றாள். “அவரைப் பந்தல மிதிக்காம தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

“காது இல்லாததுக்கிட்ட என்னத்தச் சொல்ல?”

முந்தின நாள் கிழிபட்டது ஒரு ஜோடித் தபால்தலை. மந்திமேடு என்கிற அந்த மலையூரில் தபால்தலை சேர்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் அறையில் வேலை பார்த்த சொள்ளமுத்து, இன்னொருவர் அதே ஃபேக்டரியில் லாரி ஓட்டிய தங்கப்பழம். இளவட்டங்களாக இருந்த காலத்தில் இருவரும் ஆபீஸ் குப்பைக்கூடையிலிருந்து தபால் உறைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, உலர்த்தும் அறையின் சூட்டில் ஒரு பீங்கான் தட்டில் வெந்நீர் ஊற்றி உறைகளைப் போட்டு, தலை தானாகக் கழன்று மிதக்கிறவரை வாயைத் திறக்காமல் காத்திருப்பார்கள். அவசரப்பட்டு இழுத்தால் போச்சு என்று தெரியும். கழன்றதைக் கவிழ்த்துப் போட்டுக் காயவைத்து, தேயிலைப் பெட்டிப் பலகைக்கு அடியில் வைத்து அழுத்தி, மறுநாள் எடுத்து ஆல்பத்தில் வைப்பார்கள். அப்படிச் சேர்த்ததில் இருவருக்கும் உயிராக இருந்தது எழுத்து வரிசை. எழுத்துக்கு ஒரு காட்டு உயிர் என்று விசேஷமாக வெளியிட்ட தலைகள் அவை. அ என்றால் அணில், ஆ என்றால் ஆமை, இ என்றால் இருவாச்சி, உ என்றால் உடும்பு, தே என்றால் தேவாங்கு, வ என்றால் வரையாடு. சொள்ளமுத்து இரண்டாம் வகுப்போடு நின்றவர்; எழுத்து அவர் மண்டையில் தங்கியதே இந்தத் தலைகளால்தான்; இன்றைக்கும் உ எழுதச் சொன்னால் உடும்பின் வாலை மனசுக்குள் சுருட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். வரிசையில் கடைசியாக வந்தது யானை. ஒரு தலைக்குள் அடங்கவில்லை என்று அதை இரண்டு தலையாக, ஒட்டினபடியே அடித்திருந்தார்கள். இடது தலையில் யா என்ற எழுத்தும் யானையின் முன்பாதியும், வலது தலையில் னை என்ற எழுத்தும் பின்பாதியும், நடுவில் வரிசையாக ஓட்டைகளும் இருந்தன. ஒட்டி வந்த ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்பது தபால்தலை சேர்க்கிற எவனும் முதலில் படிக்கிற பாடம்.

அந்தத் தங்கப்பழத்துக்குத்தான் சொள்ளமுத்து தன் தங்கை முத்துப்பேச்சியைக் கட்டிக்கொடுத்தார். சிநேகிதன் மாப்பிள்ளை ஆனான், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முத்துப்பேச்சியின் மகளுக்குக் காதுகுத்து வைத்த அன்றைக்கு உலர்த்தும் அறையில் இயந்திரம் அடைத்துக்கொண்டது. விட்டுவிட்டு வந்தால் இலை முழுக்கக் கருகிப்போகும். சொள்ளமுத்து அடைப்பை எடுத்துவிட்டு, கையெல்லாம் கரியோடு, பட்டுப்பாவாடையும் தோடும் வைத்த தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுத்தெருவுக்கு ஓடினார். ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளை தங்கப்பழத்தின் யாரோ ஒரு பங்காளி மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. காதில் ஓட்டை விழுந்திருந்தது. தாய்மாமன் மடி இருக்கும்போது இன்னொருவன் மடி! “நல்ல நேரம் தப்பிடும்னு சொன்னாங்க மச்சான்,” என்றார் தங்கப்பழம், ஏதோ பஸ் போய்விடும் என்கிற மாதிரி. சொள்ளமுத்து தாம்பாளத்தை வாசலில் வைத்தார். “இந்த வாசப்படிய இனிமே மிதிச்சா நான் சொள்ளமுத்து இல்ல,” என்றார். திரும்பி நடந்தார்.

அந்தப் பிள்ளைக்கே இப்போது பிள்ளைகள் இருக்கின்றன. இத்தனை காலத்திலும் அவர் அந்த வாசப்படியை மிதித்ததில்லை. பஜாரில் எதிரே முத்துப்பேச்சி வந்தால் அவள் நின்றுவிடுவாள். இவர் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். போனபிறகு பீடிக் கடையில் நின்று வாங்காத பீடிக்குத் தீப்பெட்டி கேட்பார். கோபம் தங்கப்பழத்தின்மேல்தான், ஆனால் அது போய் விழுந்தது தங்கையின்மேல் என்பது அவருக்கும் தெரியும். சொன்ன சொல்லை எடுக்க வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆல்பத்தை மட்டும் இருவரும் விடவில்லை. அதைப் படிப்பகத்தில் வைத்திருந்தார்கள். காலையில் சொள்ளமுத்து போவார். புலியைக் கரடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவார். மாலையில் தங்கப்பழம் போவார்; புலியை எடுத்து நீர்நாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவார். மறுநாள் காலையில் புலி மறுபடி கரடியிடம் வந்துவிடும். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேர் இத்தனை காலம் சண்டை போட்டது அந்த ஜில்லாவிலேயே நடந்திருக்காது. கடைசியில் படிப்பகக் கட்டிடம் ஒழுகி இடிக்கிற நிலைக்கு வந்தது, உங்கள் சாமானை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். டீக்கடை பெஞ்சில், ஊர் பார்க்க, பாகம் பிரித்தார்கள். கரடி உனக்கு, புலி எனக்கு. ஆமை எனக்கு, அணில் உனக்கு. எல்லாம் பிரிந்து யானை ஜோடி மட்டும் மிஞ்சியது. நீ வைத்துக்கொள் என்று சொல்ல இருவருக்கும் நாக்கு வரவில்லை. ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்தார்கள், மடித்தார்கள், இழுத்தார்கள். பொட்டுப் பொட்டென்று பற்கள் விடுபடுகிற சத்தம் டீக்கடைக்குள் எல்லோருக்கும் கேட்டது. பாய்லர்கூட அந்த நேரத்தில் கொதிக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். லாரி ஓட்டின கை வேகமான கை. யா தங்கப்பழத்திடம் போனது. சொள்ளமுத்துவின் கையில் னை இருந்தது.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் பின்பாதி வந்தது. அதே நேரத்தில் மேட்டுத்தெருவில் தங்கப்பழத்தின் வாசலுக்கு முன்பாதி வந்து, தும்பிக்கையை நீட்டி, கொடியில் காய்ந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் வாரம் எல்லோரும் வந்து பார்த்தார்கள், இரண்டாம் வாரம் வெளியூர்ச் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார்கள், அப்புறம் அதற்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். மேட்டுத்தெருவில் முன்யானையிடம் ஆசீர்வாதம் வாங்க வரிசை நின்றது. வாழைப்பழமும் தேங்காயும் வெல்லமும் வந்தன. தங்கப்பழம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கோயில் தர்மகர்த்தா மாதிரி விபூதி பூசிக்கொண்டார். அங்கே தின்றதெல்லாம் இங்கே வந்து விழுந்தது. சொள்ளமுத்துவின் முற்றத்தில் காலையில் ஒரு குவியல், மத்தியானம் ஒரு குவியல், வெல்லம் அதிகமாகப் போன வெள்ளிக்கிழமைகளில் சொல்லவே வேண்டாம். “தின்கிறது அவன் வீட்டுல, பேள்றது என் வீட்டுலயா?” என்று அவர் மண்வெட்டியோடு நின்று மேட்டுத்தெருவைப் பார்த்துக் கத்துவார். அதற்கும் ஊர் ஒரு வழி செய்தது. கேரட் போட்டவர்களும் பீன்ஸ் போட்டவர்களும் கூடையோடு வந்து சாணத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். பயந்து வீறிடுகிற குழந்தைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து, பின்யானையின் வயிற்றுக்கு அடியில் இந்தப் பக்கமிருந்து கொடுத்து அந்தப் பக்கம் வாங்கினார்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பயம் தெளிய நல்லது, பிள்ளையை முறைத்துப் பார்க்கக் கண் இல்லை பாருங்கள் என்று வேலம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். பஸ் கண்டக்டர்கள் மேட்டுத்தெரு நிறுத்தத்தை முன்யானை என்றும் பள்ளத்தெரு நிறுத்தத்தைப் பின்யானை என்றும் கூவ ஆரம்பித்தார்கள். முன்யானைக்குச் சீட்டு எடுத்தவன் பின்படி வழியாக இறங்குவான், பின்யானைக்கு எடுத்தவன் முன்படி வழியாக இறங்குவான், அதில் தினம் ஒரு சண்டை நடக்கும்.

வனத்துறையிலிருந்து ரேஞ்சர் வந்து பார்த்தார். முழு யானை ஊருக்குள் வந்தால் விரட்டச் சட்டம் இருக்கிறது, பாதி யானைக்கு மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். மேலிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதுவரை வாட்சர் செல்லனை நியமித்தார்கள். செல்லன் மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். காலையில் மேட்டுத்தெருவுக்குப் போய் யானை தீனி எடுக்கிறதா என்று பார்ப்பான், மாலையில் பள்ளத்தெருவுக்கு வந்து செரிக்கிறதா என்று பார்ப்பான்.

இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு மைல் ரோடும் ஒரு ஓடையும் இருந்தாலும் யானை ஒன்றுதான் என்பது சீக்கிரத்தில் தெரிந்துவிட்டது. மேட்டுத்தெருக் கல்யாணத்தில் வெடி போட்டால் பள்ளத்தெருவில் பின்யானை எகிறி ஓடி அவரைப் பந்தலைச் சாய்த்தது. பள்ளத்தெருவில் மாட்டு ஈ கடித்தால் மேட்டுத்தெருவில் பிளிறல் கேட்டது. வைகாசியில் ஒருநாள் சொள்ளமுத்து சாணத்தைக் கிளறும்போது பலாக்கொட்டைகளைப் பார்த்தார். சின்னச் சின்னதாக, ஒரு பக்கம் கூம்பினாற்போல இருந்தன. அந்த ரகம் அந்த ஊரில் ஒரே ஒரு மரத்தில்தான் காய்க்கும். முத்துப்பேச்சி கல்யாணமாகிப் போனபோது அவள் வீட்டுக் கொல்லையில் அவரே குழி வெட்டி நட்ட மரம் அது. மரம் உயிரோடு இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அன்று அவர் மேட்டுத்தெருவைப் பார்த்துக் கத்தவில்லை. கொட்டைகளை ஓடையில் கழுவிக் கொண்டுவந்து முற்றத்தோரம் ஊன்றிவைத்தார்.

இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஈ இல்லை, காற்று இல்லை, ஒரு காரணமும் இல்லாமல் யானையின் வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆடும். தினமும் ஆடும். செல்லனிடம் கேட்டார்.

“அது ஒண்ணுமில்ல பெரியவரே. அங்க முத்துப்பேச்சி அக்கா அந்த நேரத்துக்கு வந்து யானை நெத்தியத் தடவிக் குடுப்பாங்க. ஏதோ பேசிக்கிட்டே தடவுவாங்க.”

“என்ன பேசுவா?”

“நான் எதுக்கு அதக் கேக்கேன்? யானைகிட்டப் பேசுறது.”

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் சொள்ளமுத்து எங்கும் போவதில்லை. வால் ஆடி நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நின்றதும் எழுந்து உள்ளே போவார். வேலம்மா கேட்டால், “ஈ விரட்டுறேன்,” என்பார்.

வயிறு பெருத்துக்கொண்டே வந்தது. வெல்லத்தால் வந்த ஊதல் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லன் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தான். “வெல்லம் உதைக்குமா பெரியவரே? உள்ளுக்குள்ள உதைக்குது பாருங்க.”

ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் பின்யானை நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. மேட்டிலிருந்து, மழையையும் தாண்டி, மலை திருப்பி அனுப்பியதுபோல ஒரு பிளிறல் வந்தது. மறுபடி வந்தது. வலி இங்கே, வாய் அங்கே. வேலம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு யானையின் பின்னால் போய் நின்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. பள்ளத்தெரு முழுக்கக் குடையோடு வந்து கூடியது. ஒவ்வொரு பிளிறலுக்கும் கூட்டம் மேட்டைப் பார்க்கும், பிறகு இங்கே பார்க்கும். கடைசியாக வந்த பிளிறலில் ஓடைக்கரை மூங்கிலிலிருந்து கொக்கெல்லாம் கிளம்பிப் பறந்தன. அதோடு ஒரு குட்டி, தலை, காது, நாலு கால், முடி அடர்ந்த முதுகு, குட்டித் தும்பிக்கை என்று எதிலும் குறையில்லாமல் முழுசாக வந்து சேற்றில் விழுந்தது.

“ஒட்டு இல்ல, கிழிசல் இல்ல,” என்று வேலம்மா தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். கூட்டம் குலவையிட்டது.

குட்டி எழுந்தது, விழுந்தது, எழுந்தது. தாயின் பின்னங்கால்களுக்கு நடுவில் போய் வாயைத் திறந்துகொண்டு தேடியது. சொள்ளமுத்துவும் அது சரி என்றுதான் நினைத்தார். மாடு பார்த்த ஊர், ஆடு பார்த்த ஊர், மடி அங்கேதானே இருக்கும்? குட்டியின் தலையைப் பிடித்து அந்த இடத்திலேயே அழுத்திவிட்டார். மற்றவர்களும் சேர்ந்து அழுத்தினார்கள். அங்கே ஒன்றும் இல்லை. பாதி யானை என்பதால் மடியில்லாமல் போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். பசும்பாலைக் காய்ச்சி ஆற்றிப் புட்டியில் கொடுத்தார்கள். குட்டி குடித்துவிட்டு அப்படியே கக்கியது. நேரம் போகப் போக அது எழுந்திருப்பது குறைந்தது, விழுந்து கிடப்பது கூடியது.

செல்லன் அப்போதுதான் மேட்டிலிருந்து நனைந்துகொண்டு ஓடி வந்தான். குட்டியை எங்கே பிடித்து அழுத்துகிறார்கள் என்று பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

“ஏன் பெரியவரே, யானைக்கு மடி முன்னங்கால் நடுவுலல்ல இருக்கு! பொம்பளைக்கு இருக்கிற மாதிரி நெஞ்சுல. அங்க பால் தரையில சொட்டிக்கிட்டுக் கிடக்கு. அக்கா பாத்திரத்த வச்சிக்கிட்டு அழுவுறாங்க.”

சொள்ளமுத்து குட்டியின் தலையிலிருந்து கையை எடுத்தார். ஆயுசு முழுக்க யானைப் படத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவர், பால் எந்தத் தபால்தலையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

“செல்லா, போய் அவன்கிட்டச் சொல்லு. தலையப் பத்திவிடச் சொல்லு. தாய்தான் பிள்ளைகிட்ட வரணும்.”

செல்லன் ஓடினான். திரும்பி வந்தான்.

“நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்னு கேக்கிறாரு. பாதித் தெரு சேந்து தள்ளியும் அது நகர மாட்டேங்குது. இந்தத் திசையப் பாத்து நிக்குது, அழுவுது, நகர மாட்டேங்குது.”

“வேற என்ன சொன்னான்?”

“வேற ஒண்ணும் சொல்லல.”

“சொல்லியிருப்பான். அவன் வாய் எனக்குத் தெரியும்.”

செல்லன் துண்டைப் பிழிந்தான். “ ‘அவரு வரமாட்டாரு. அவருக்குச் சொன்ன சொல்லுதான் பெருசு, உசுரு பெருசில்ல’ன்னாரு.”

சொள்ளமுத்துவுக்குக் காது சூடானது. பதிலுக்கு ஒரு வசவு தொண்டைவரை வந்தது. கீழே குட்டி அவருடைய கணுக்காலைத் தும்பிக்கையால் தடவி, அங்கே பால் இருக்கிறதா என்று பார்த்தது. வசவு அப்படியே நின்றுவிட்டது.

“நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும்,” என்றாள் வேலம்மா. “இதுக்குத் தெரியாது.”

குட்டியைத் தனியாக இழுத்துப் பார்த்தார்கள். தாயின் கால்களை விட்டு அது வரவில்லை. தாயைத் தள்ளிப் பார்த்தார்கள். கண் இல்லாதது எங்கே நடக்கும்? சொள்ளமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். யானையின் முன்னால் போனார், அதாவது அதன் முன்பாதி இருக்க வேண்டிய இடத்துக்குப் போனார். திரும்பி நின்று, பல் பல்லான விளிம்பில் தன் முதுகைச் சாய்த்தார். மழையில் ஊறியிருந்த பசை சட்டையோடு பிடித்துக்கொண்டது. கதகதப்பு முதுகெலும்புவரை ஏறியது. அவர் வலது காலை எடுத்து வைத்தார். பின்னால் யானையும் ஒரு காலை எடுத்து வைத்தது. அவர் இடது காலை வைத்தார், யானையும் வைத்தது. குட்டி எழுந்து, அவருக்கும் யானைக்கும் பக்கத்தில் இடித்துக்கொண்டு தள்ளாடி நடந்தது. வேலம்மா குடையோடு பின்னால் வந்தாள், அவளுக்குப் பின்னால் பள்ளத்தெரு வந்தது.

முன்னால் ஒரு கிழவனும் பின்னால் ஒரு யானையுமாக அது ஓடைப் பாலத்தைக் கடந்தது, வளைவு ஏறியது, பஜாருக்குள் நுழைந்தது. கடைகளில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து மழையில் நின்றார்கள்.

“என்ன பெரியவரே, தும்பிக்கைய வீட்டுல வச்சிட்டு வந்துட்டீரா?” என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“காத ஆட்டும்வே, கொசு கடிக்கப்போவுது!”

வேறு நாளாக இருந்தால் அந்தக் கடைக்காரனோடு அவர் சாகிறவரை பேசியிருக்க மாட்டார். அன்றைக்கு அவர் அடி எடுத்து வைப்பதிலேயே கண்ணாக இருந்தார். அவர் வழுக்கினால் யானை வழுக்கும், யானை வழுக்கினால் குட்டி அடியில் போய்விடும். குட்டி ஒருதடவை உட்கார்ந்துவிட்டது. அவரும் நின்றார், யானையும் நின்றது, ஊரும் நின்றது. “எந்திரி தாயி, இந்தா வந்துருச்சு,” என்றார். அந்தக் குரலை வேலம்மாவே அதுவரை கேட்டதில்லை. குட்டி எழுந்தது.

மேட்டுத்தெரு வந்தது. தங்கப்பழத்தின் வீடு வந்தது. திறந்து கிடந்த சுற்றுச்சுவர்க் கதவுக்குக் கீழே அந்தக் கருங்கல் படி இருந்தது. அதற்கு உள்ளே முன்யானை, தும்பிக்கையை நீட்டிக்கொண்டு, நெஞ்சிலிருந்து பால் ஒழுக நின்றது. சொள்ளமுத்து படிக்கு முன்னால் நின்றார்.

அடுத்து நடந்ததைப் பற்றி ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. பின்யானைக்குக் கண் இல்லை, அதுபாட்டுக்கு நடந்து அவரைப் படிக்கு உள்ளே தள்ளிவிட்டது என்று பலர் சொல்வார்கள். சொள்ளமுத்துவும் அப்படித்தான் சொல்வார். பின்னால் குடை பிடித்து நின்ற வேலம்மா அவராகக் காலைத் தூக்கி வைத்ததைப் பார்த்தாள். யாரிடமும் அவள் சொன்னதில்லை.

“அண்ணே,” என்றாள் முத்துப்பேச்சி. தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் பாத்திரம் இருந்தது, அதில் பாலைவிட மழைத்தண்ணீர்தான் அதிகம் இருந்தது.

தங்கப்பழம் நாற்காலியை விட்டு எப்போதோ எழுந்திருந்தார். நெற்றி விபூதி மழையில் கரைந்து மூக்கில் வழிந்தது. “வாங்க மச்சான்,” என்றார். அதைச் சொல்ல அவர் வாய் இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

“குட்டிக்கு வழிய விடு மாப்ள,” என்றார் சொள்ளமுத்து.

குட்டி முன்னங்கால்களுக்கு நடுவில் புகுந்தது. தும்பிக்கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருமுறை மிதித்துக்கொண்டது. முத்துப்பேச்சி குனிந்து அதை எடுத்துப் பக்கவாட்டில் விட்டாள். வாய் போய்ப் பொருந்தியது. குடிக்கிற சத்தம் கேட்டது, அத்தனை மழையிலும் கேட்டது. மடக் மடக்கென்று, ஊர் முழுக்க அடக்கிவைத்திருந்த மூச்சை ஒன்று சேர்த்து விட்டதுபோல அது கேட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தர்கூட வேறு எங்கும் பார்க்கவில்லை. சொள்ளமுத்து குட்டியை நன்றாகப் பார்க்க ஒரு எட்டு விலகினார். முதுகில் சட்டை கிழிகிற சத்தம் கேட்டது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

எல்லோரும் நிமிர்ந்தபோது யானை முழுசாக நின்றது. எப்போது ஒட்டியது என்று சொல்ல ஆள் இல்லை. வயிற்றைச் சுற்றி வரிசையாக மங்கலான புள்ளிகள் மட்டும் இருந்தன, அம்மைத் தழும்புபோல. அது தும்பிக்கையைப் பின்னால் நீட்டி, தன் பின்னங்கால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தது, இன்னொன்றைத் தொட்டுப் பார்த்தது, வாலைத் தொட்டுப் பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டது.

செல்லன்தான் முதலில் கேட்டான். “அப்ப அந்தத் தபால்தலையும் ஒட்டியிருக்குமோ?”

தங்கப்பழம் உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்தார். கையிலிருந்தது பாதிதான். “கிழிஞ்சபடியேதான் இருக்கு மச்சான்.”

“இருந்துட்டுப் போவுது.”

வெளிச்சம் இருக்கும்போதே யானை குட்டியை முன்னால் விட்டுக்கொண்டு பலாமரத்துக்குப் பின்னால் இருந்த முள்வேலியைத் தாண்டியது. தேயிலைச் சரிவில் ஏறியது. மேலே சோலையின் இருட்டு ஆரம்பிக்கிற இடத்தில் முதலில் குட்டி மறைந்தது, அப்புறம் தலை மறைந்தது, கொஞ்ச நேரம் பின்பாதி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் மறைந்தது. செல்லன் யாரையும் பின்னால் போக விடவில்லை. கூட்டம் கலைந்தது. நாளையிலிருந்து பஸ் நிறுத்தத்தை எப்படிக் கூவுவது என்று இரண்டு கண்டக்டர்கள் பேசிக்கொண்டே போனார்கள். பீன்ஸ் போட்டவர்கள் உரத்துக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டார்கள். சொள்ளமுத்துவுக்கு ஒரு கவலையும் வரவில்லை. முதுகில் அந்தக் கதகதப்பு இன்னும் இருந்தது. நெஞ்சுக்குள் இத்தனை காலமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அடைப்பு எடுபட்டு, காற்று நன்றாகப் போய்வருவதுபோல இருந்தது. அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

“சட்டையக் கழட்டுங்க,” என்று முத்துப்பேச்சி துண்டோடு வந்து நின்றாள். “இந்த வயசுல நனைஞ்சுக்கிட்டு. உங்களுக்கெல்லாம் எப்பத்தான் அறிவு வரப்போவுதோ. மதினி, நீங்களாவது சொல்லக் கூடாதா?”

“சொன்னாக் கேக்கிற ஆளா?” என்றாள் வேலம்மா. அதற்குள் அவள் அடுப்படிக்குள் போய், அது தன் வீட்டு அடுப்படிபோல, பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தங்கப்பழம் எதிரே உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். “மச்சான், அன்னைக்கு வந்து, நேரம் தப்பிடும்னு அந்தப் பெரியாளுங்க...”

“அதப் பேசாத. பேசினா நான் எந்திரிச்சுப் போயிருவேன். உன்ன நான் மன்னிச்சேன்னு யார்கிட்டயும் போய்ச் சொல்லாத.”

“சொல்லல.”

“மழை விட்டதும் கிளம்புறேன்.”

“ஆமா, நனைஞ்சுக்கிட்டா போவீங்க? மழை விடட்டும்,” என்றார் தங்கப்பழம் அவசரமாக.

முத்துப்பேச்சி கொண்டுவந்து வைத்த தேநீரை சொள்ளமுத்து எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். வாசல் வழியாக வெளியே பார்த்தார். மந்திமேட்டில் ஆடி மாதத்து மழை பிடித்தால் ஆவணி பிறந்துதான் விடும்.

நல்லவேளை.